ஹெட்டை இறக்காமல் மாருதி 800-இன் வால்வு சீலை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். உங்கள் பழைய மாருதி 800 காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது நீலப் புகை விடுகிறது, ஆயில் குறைகிறது, மெக்கானிக்கோ சிலிண்டர்களின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கியே தீர வேண்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 3 சிலிண்டர், 6 வால்வு கொண்ட அதே 796 சிசி இன்ஜினில் இந்த வேலையை என் வீட்டு வாசலில் நானே செய்திருக்கிறேன். இரண்டு நாள் பிடித்தது. அதில் அரை நாள் ஒரு சிறிய இரும்புத் துண்டைத் தேடியதில் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் குறை, வால்வுத் தண்டை ஒட்டி ஆயில் இறங்காமல் தடுக்கும் சிறு ரப்பர் வளையமான சீலில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில், மேலே தேங்கிய ஆயில் இறுகிப்போன சீல் வழியாக வால்வுத் தண்டை ஒட்டிக் கசிந்து இறங்கும். அதனால்தான் முதல் ஓரிரு நிமிடங்களுக்கு மட்டும் புகை வந்து நின்றுவிடுகிறது. ஏற்காடு போன்ற மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இரண்டாம் கியரில் இறங்கும்போது இன்டேக் பக்கம் வெற்றிடம் மிகுந்து ஆயிலை உள்ளே உறிஞ்சும். அடிவாரத்தில் மீண்டும் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே கண்ணாடியில் நீல மேகம் தெரிந்தால் சந்தேகம் சீலின் மேல்தான் விழ வேண்டும். மாறாக, வண்டி நன்றாகச் சூடான பிறகும் இழுக்கும்போதெல்லாம் புகை தொடர்ந்து வந்தால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் அங்கிருந்தும் புகை தள்ளினால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் போய்விட்டது என்று பொருள். சீலை மாற்றி ஒரு பயனும் இல்லை.

ஸ்பிரிங்கைக் கழற்றியதும் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. அதைத் தடுக்க, பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுப்பது ஒரு முறை. நைலான் கயிற்றைச் செலுத்தி வால்வைக் கீழிருந்து தாங்குவது இன்னொன்று. வீட்டில் செய்பவருக்குக் கயிறே மேல் என்பேன். இந்த இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68.5 மி.மீ.; சதுர செ.மீ.க்கு 6 கிலோ வீதம் காற்றுக் கொடுத்தால் பிஸ்டனின் தலையில் சுமார் 220 கிலோ விசை விழும். பிஸ்டன் சரியாக உச்சியில் இல்லாவிட்டால் பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு வெடுக்கென்று சுழலும். புல்லியில் ஸ்பானரை மாட்டி வைத்திருந்தால் கை போய்விடும். நம் ஊர் மின்தடை சொல்லிவிட்டு வருவதில்லை, காற்று நின்றால் வால்வு விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கயிற்றுக்கு இந்தக் கவலைகள் எதுவும் கிடையாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பிளக்குகளையும் வால்வுகளுக்கு மேலுள்ள மூடியான டாப்பெட் கவரையும் எடுங்கள். அட்ஜஸ்டிங் ஸ்குரூக்களைத் தளர்த்தி, ராக்கர்கள் (வால்வுகளை அமுக்கும் நெம்புகோல்கள்) கோத்திருக்கும் ராக்கர் ஷாஃப்ட்டுகளைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களைக் கழற்றி, ஷாஃப்ட்டுகளை மெல்ல உருவி, ராக்கர்களைக் கழற்றிய வரிசை மாறாமல் ஒரு அட்டையில் அடுக்குங்கள். ராக்கர்களை இயக்கும் கேம்ஷாஃப்ட் தன் இடத்திலேயே இருப்பதால் டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டியதில்லை; ராக்கர் இல்லாதபோது எல்லா வால்வுகளும் மூடியே இருப்பதால், எந்த ஸ்ட்ரோக் என்று பார்க்கவும் தேவையில்லை. பிஸ்டன் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது, பிரி உதிராத நைலான் கயிறு ஒன்றரை மீட்டர் எடுத்து, நுனியில் முடிச்சிட்டு, வெளியே ஒரு முழம் தொங்கும்படி உள்ளே திணித்துவிட்டு, கிராங்க்கைக் கையால் அது தானாக நிற்கும்வரை சுற்றுங்கள். அதற்கு மேல் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள்.

இனிதான் பொறுமை தேவைப்படும் இடம். ஸ்பிரிங்கின் மேல் உள்ள தட்டில் பொருத்தமான சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால், அந்தத் தட்டை வால்வுத் தண்டோடு பூட்டியபடி பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்த லாக்குகள் தளரும். பிறகு ஸ்பிரிங் கம்பிரசர் என்ற கைக்கருவியால் ஸ்பிரிங்கை அமுக்கி, இரண்டு அரைவட்ட லாக்குகளையும் காந்தக் குச்சியால் எடுக்க வேண்டும். அதற்கு முன்பு ஆயில் இறங்கும் துளைகள் அனைத்தையும் துணியால் அடைத்துவிடுங்கள். நான் ஒரு துளையை விட்டுவிட்டேன்; மூன்றாவது வால்வின் லாக் 'டிக்' என்று தெறித்து மறைந்தது. இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் சம்ப்புக்குள் போய்விட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றும் நிலைக்கு வந்த பிறகு, பேட்டரித் தட்டின் மூலையில் அழுக்கோடு அழுக்காக ஒட்டிக்கொண்டிருந்ததை என் மகள் கண்டெடுத்தாள்.

பழைய சீலை விரலால் நசுக்கிப் பாருங்கள். ரப்பர் போல வளையாமல் பிளாஸ்டிக் போல நொறுங்கினால் உங்கள் கணிப்பு சரி. சீலைக் கழற்றியவுடன் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், தண்டு ஏறி இறங்கும் குழாயான கைட் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் புதிய சீல் நீண்ட நாள் தாங்காது, உங்கள் மெக்கானிக் சொன்னபடி ஹெட்டை இறக்குவதே முறை. ஆட்டம் இல்லையென்றால், தண்டில் ஆயில் தடவி, லாக் அமரும் பள்ளத்தின் கூர்விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்காதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, புதிய சீலை நீளமான சாக்கெட்டால் நேராக அமுக்குங்கள். அது கைட்டில் போய் உட்காருவதைக் கையே உணரும். ஸ்பிரிங்கின் சுற்றுகள் நெருக்கமாக உள்ள முனை கீழே வர வேண்டும். லாக்குகளைச் சிறிது கிரீஸால் தண்டில் ஒட்டவைத்துவிட்டு ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அவை நழுவாது.

மற்ற சிலிண்டர்களுக்கும் இதே வேலைதான். ஒரு சிலிண்டர் முடிந்ததும், கிராங்க்கைச் சற்றுப் பின்னோக்கித் திருப்பிக் கயிற்றை உருவிய பிறகே அடுத்ததற்குச் செல்லுங்கள். எல்லாம் பூட்டியபின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து டாப்பெட் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்து, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள். முதல் ஓட்டத்தில் முன்பைவிட அதிகமாகவே புகை வரலாம். சைலன்சரில் படிந்திருக்கும் பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும். என் வண்டியில் அது நிற்க மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. 500 கி.மீ. ஓடியபின் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் மட்டும் ஈரக் கரி தெரிந்தால் அந்த சிலிண்டரை மட்டும் மறுபடி திறந்தால் போதும்.