பள்ளி மாணவர்களுக்கு வேதிச் சமநிலையைப் புரியும்படி நடத்துவது எப்படி?

கேள்வி கேட்டவரின் சிக்கல் இது: மாணவர்கள் சமநிலை மாறிலிக் கணக்கை (சமநிலையில் விளைபொருள்களுக்கும் வினைபடுபொருள்களுக்கும் உள்ள செறிவு விகிதம்) தவறில்லாமல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் "சமநிலையில் என்ன நடக்கிறது?" என்றால் "வினை நின்றுவிடும்" என்கிறார்கள். இன்னும் சிலர் "இரண்டு பக்கமும் சம அளவு இருக்கும்" என்கிறார்கள்.

இந்த இரண்டு பதிலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. சூத்திரம் முதலில் வந்துவிட்டது. மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்ற படம் மனதில் விழவே இல்லை. அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பேன். முதலில் கண்ணால் பார்க்கும் ஒரு மாற்றம், அடுத்து துகள்களின் படம், சூத்திரம் கடைசியில்.

சமநிலைக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இரண்டு அளவு உருளைகளை வைத்துச் செய்யும் சோதனை. ஒரே அளவுள்ள இரண்டு உருளைகள். முதல் உருளையில் 65 மி.லி. வண்ண நீர், இரண்டாவது காலி. இரு முனையும் திறந்த இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றின் உள்விட்டம் 6 மி.மீ., மற்றதின் உள்விட்டம் 4 மி.மீ. ஒரு மாணவர் பெரிய குழாயை முதல் உருளையின் அடிவரை இறக்கி, மேல்முனையை விரலால் அடைத்து, தூக்கி, இரண்டாவதில் விட வேண்டும். அதே நேரத்தில் இன்னொருவர் சிறிய குழாயால் எதிர்த்திசையில் மாற்ற வேண்டும். சில முறைக்கு ஒருதரம் இரண்டு மட்டங்களையும் குறித்து வரைபடம் போடச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் மட்டங்கள் வேகமாக மாறும், பிறகு மெதுவாக, பிறகு மாறவே மாறாது. அந்த இடத்தில் "நிறுத்தலாமா?" என்று கேளுங்கள். நிறுத்தாமல் தொடரச் சொல்லுங்கள். இருவர் கையும் ஓயவில்லை, நீர் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது, மட்டம் மட்டும் அசையவில்லை. முன்னோக்கு வினையும் பின்னோக்கு வினையும் ஒரே வேகத்தில் நடப்பது இதுதான் என்று அப்போது சொன்னால் நம்பாத மாணவர் இருக்க மாட்டார். மட்டங்களும் சமமாக இருக்காது: முதல் உருளையில் ஏறத்தாழ 20 மி.லி., இரண்டாவதில் 45 மி.லி. இந்த விகிதம் 2.25. குழாய்களின் குறுக்குவெட்டுப் பரப்புகளின் விகிதமும் 36க்கு 16, அதாவது 2.25. குழாயின் பரப்பு இங்கே வேக மாறிலிக்கு, அதாவது செறிவை வினையின் வேகத்தோடு இணைக்கும் எண்ணுக்கு, ஈடு; இரண்டு வேக மாறிலிகளின் விகிதமே சமநிலை மாறிலி என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கல்ட்பெர்கும் வாகேயும் 1864இல் முன்வைத்த நிறைத் தாக்க விதியை (வினையின் வேகம் வினைபடுபொருள்களின் செறிவைப் பொறுத்தது என்பது) இதற்குப் பிறகு எழுதிப் போடுங்கள்.

இதோடு விட்டுவிடாதீர்கள். முதல் உருளையில் இன்னும் 13 மி.லி. ஊற்றித் தொடரச் சொல்லுங்கள். 33, 45 என்று இருந்தது 24, 54க்குப் போய் நிற்கும். விகிதம் அதே 2.25. ஆனால் முதல் உருளை பழைய 20க்குத் திரும்பவில்லை. சமநிலையைக் குலைத்தால் அந்த மாற்றத்தை ஈடுசெய்யும் திசையில் அது நகரும் என்கிறது லீ சாட்லியர் தத்துவம். அதில் பலருக்கும் நழுவிப்போகும் இடம் இதுதான்: சேர்த்ததில் ஒரு பகுதிதான் ஈடுசெய்யப்படுகிறது.

அடுத்து உண்மையான வினை ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் சமநிலை என்றாலே குழாயும் தண்ணீரும் என்று நின்றுவிடும். முனையை உருக்கி மூடிய கண்ணாடிக் குழாயில் அடைத்த நைட்ரஜன் டை ஆக்சைடு இதற்கு மிகப் பொருத்தம். பழுப்பு நிற வாயு, இரண்டிரண்டாக இணைந்து நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடு ஆகிறது. இணையும்போது வெப்பம் வெளிவருகிறது. சுடுநீரில் வைப்பதற்கு முன்பே நிறம் கூடுமா குறையுமா என்று ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதித் தரட்டும். எழுதிவிட்டுப் பார்ப்பவர் கண்கள் வேறு மாதிரி பார்க்கும். சுடுநீரில் பழுப்பு அடர்கிறது, பனிக்கட்டி நீரில் வெளுக்கிறது. இந்த வாயு நச்சு, வகுப்பறையில் தயாரிக்க வேண்டாம். குழாய் கிடைக்காவிட்டால் காணொளி போதும்.

வெப்ப வேதியியலிலும் இதே வரிசைதான். "பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளிவரும்" என்ற தவறான எண்ணத்தை ஒரே கணக்கில் கலைக்கலாம். ஒரு மோல் நீராவி உருவாக, ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க 436 கி.ஜூ., அரை மோல் ஆக்சிஜனுக்கு 249 கி.ஜூ. செலவு. இரண்டு O–H பிணைப்புகள் உருவாகும்போது சுமார் 926 கி.ஜூ. வரவு. மிச்சம்தான் நாம் உணரும் வெப்பம்.

தேர்வில் கணக்கோடு ஒரு படக் கேள்வியும் வையுங்கள்: சமநிலையில் உள்ள கலவையைப் புள்ளிகளால் வரை, பத்து நிமிடம் கழித்து மீண்டும் வரை. படம் பிடிபட்டவர்களுக்கு இதைக் கேட்கலாம்: கனஅளவு மாறாத கலத்தில் ஆர்கானைச் சேர்த்தால் சமநிலை நகருமா? மொத்த அழுத்தம் கூடுகிறது என்பதால் பெரும்பாலோர் "நகரும்" என்பார்கள். வினைபடும் வாயுக்களின் செறிவு மாறவில்லை, ஆகவே நகராது. அதே ஆர்கானை அழுத்தம் மாறாமல் சேர்த்தால் கனஅளவு விரியும், சமநிலை மோல்கள் அதிகமுள்ள பக்கம் போகும்.