இரண்டாம் நாளே கட்டிக்கொண்ட குழந்தைகள்

வணக்கம்.

சென்ற ஆண்டு நேபாளத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் நான்கு வாரம் தன்னார்வலராக இருந்தேன். போன இரண்டாம் நாளே குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது எல்லோரும் அழுதோம். ஆனால் ஊர்ப் பெரியவர்களிடம் அப்படி ஒரு நெருக்கம் அமையவில்லை. மறுபடி போகப்போகிறேன். அங்குள்ள மனிதர்களோடு உண்மையாகப் பழக என்ன வழி? எந்த அமைப்பு மூலம் போகலாம்? குழந்தைகளைப் படம் எடுத்துப் பகிர்வது தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

படம் எடுக்காதீர்கள். அமைப்பை நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை: “இரண்டாம் நாளே கட்டிக்கொண்டார்கள்.”

அம்மா பக்கத்தில் இருக்கும் குழந்தை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப்பார்க்கும். வந்தவர் மடியில் எல்லாம் ஏறுகிற குழந்தை, பார்த்துக்கொள்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பழகிய குழந்தையாக இருக்கலாம். இல்லங்களில் வளரும் பிள்ளைகளைப் பற்றி இதை மனநல ஆய்வாளர்கள் எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறார்கள். நீங்கள் அதை அன்பின் வெற்றி என்று எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் போன பிறகு இன்னொருவர் வந்திருப்பார். அவர் போகும்போதும் அந்தப் பிள்ளைகள் அழுதிருப்பார்கள். உங்கள் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது மெய் என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட இல்லங்களில் இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக, குழந்தைகளுக்காக உலகெங்கும் இயங்கும் ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் சொன்னது. நேபாளத்தில் தரகர்கள் மலைக் கிராமங்களுக்குப் போய், படிக்கவைக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துவந்த கதைகள் ஏராளம். சுற்றுலாப் பயணிகள் வரும் மாவட்டங்களில்தான் இல்லங்கள் குவிந்திருக்கின்றன. ஏன் என்று யோசியுங்கள். 2015 நிலநடுக்கத்துக்குப் பின், அனுமதியில்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக நேபாள அரசே தடை போட்டது. நீங்கள் இருந்த இல்லம் அப்படிப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டீர்களா?

அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு நானும் போனேன், சிந்துபால்சோக் மாவட்டத்துக்கு. சேற்றுக் கலவையில் கல் அடுக்கிக் கட்டிய வீடுகள் வரிசையாகச் சரிந்து கிடந்தன. கல்லைப் பொறுக்கிச் சுமப்பது வேலை. டோக்கோ என்று ஒரு மூங்கில் கூடை, அதை முதுகில் தாங்க நாம்லோ என்று தலையில் மாட்டும் பட்டை. நான் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு நாலடி வைப்பதற்குள் கழுத்து ஒடிந்துவிடும் போலிருந்தது. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். பட்டையை உச்சந்தலைப் பக்கம் நகர்த்தினார். பிறகு என் கூடையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டார். எடுக்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஒரு கையேட்டைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்த நேபாளியில் ஏதோ சொன்னேன். சுற்றியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவரை நான் ‘திமி’ என்று கூப்பிட்டிருக்கிறேன். பெரியவர்களை ‘தபாய்’ என்றுதான் சொல்ல வேண்டும். நீ, நீங்கள் என்று பார்த்துப் பார்த்துப் பேசும் மொழியில் பிறந்தவன் நான். அவ்வளவு தூரம் உதவ வந்தவன், பாட்டி வயதுள்ளவரை நீ என்றிருக்கிறேன். அவர் கோபிக்கவில்லை. “தபாய்” என்று ஒருமுறை சொல்லி, நான் திரும்பச் சொல்லும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகு தினமும் எனக்கு ஒரு சொல் கிடைத்தது. கல், கயிறு, போதும், மெதுவாக.

ஆகவே மொழியைப் படியுங்கள் எஸ். வணக்கம், நன்றி, எவ்வளவு என்று மூன்று சொல் போதாது. யாரை எப்படி விளிப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். தப்பாகப் பேசுங்கள், திருத்தும் உரிமையை அவர்களிடம் கொடுங்கள். நீங்கள் கொடுப்பவராகவே நிற்கும்வரை, எதிரில் இருப்பவருக்கு வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு இடமே இல்லை. பெரியவர்கள் உங்களிடம் நெருங்காததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். குழந்தைகளுக்கு விலகி நிற்கத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்தது.

1968இல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் சிந்தனையாளர் இவான் இலிச், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். அதை நான் முழுக்க ஏற்கவில்லை. இடிபாட்டுக்கு ஆள் வேண்டும். ஆனால் அந்த இல்லத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்கும் வேலை நேபாளத்திலேயே நடக்கிறது, உள்ளூர்க்காரர்கள் செய்கிறார்கள். பயணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்கு அனுப்புங்கள்.

நான் கிளம்பிய அன்று அந்த அம்மா அழவில்லை. என் தலையிலிருந்த நாம்லோவைக் கழற்றி, உதறி, மடித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் அதற்கு வேலை இருந்தது.