வாசகர் கேள்வி – பதில்: உலைக்குள் வியர்க்கும் சிலிக்கன்

கேள்வி: சிலிக்கன் தூளை அழுத்திச் செய்த 20 மில்லிமீற்றர் தடிப்புக் கட்டியை நைதரசனில் சுட்டு சிலிக்கன் நைத்திரைட்டு என்ற வன்மட்பொருள் ஆக்குவதைக் கணினியில் மாதிரியாகச் செய்து பார்த்தேன். உலை 1350 பாகை செல்சியசில் நிற்க, கட்டியின் நடு 1420ஐத் தாண்டுகிறது. கணக்குப் பிழையா?
– பொறியியல் மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: உண்மை உலையிலும் அப்படி நடப்பதுண்டு. இது புறவெப்பத் தாக்கம், அதாவது நடக்கும்போதே வெப்பத்தை வெளிவிடுவது. ஒரு கிராம் சிலிக்கன் முழுதும் மாறினால் 8.7 கிலோயூல் அளவில் வெளிவரும். அதில் நூற்றிலொரு பங்கு மாறி, அந்த வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டாலே கட்டி ஏறத்தாழ 90 பாகை ஏறிவிடும். சிலிக்கன் உருகுவதோ 1414இல். உருகியது ஒன்றுதிரண்டு துளைகளை அடைக்கும். பிறகு நைதரசன் உள்ளே போகாது. ஆறியபின் வெட்டினால் நடுவில் பளபளக்கும் முடிச்சுகள் தெரியும். உலைச் சுவரில் உள்ள வெப்பவிணை (வெப்பநிலை அளக்கும் கம்பி இணை) இதைக் காட்டித் தராது.

வெப்பக் கடத்தாறுக்குத் திண்மச் சிலிக்கனின் பெறுமானத்தைப் போட்டிருந்தால் திருத்துங்கள். தூள்கட்டி அதைவிட மிகக் குறைவாகவே கடத்தும், நடு இன்னும் சூடாகும். தாக்க வேகத்தை நைதரசன் அமுக்கத்தோடும் இணையுங்கள். உலையில் செய்வதென்றால், நைதரசன் குடிக்கும் வேகம் திடீரென்று கூடியதும் சூடேற்றுவதை நிறுத்தி, அது தணிந்த பிறகே மேலே போகவேண்டும். பெரும்பகுதி மாறுமுன் 1400ஐ நெருங்கக் கூடாது. தடிப்பைப் பாதியாக்கினால், அதே தாக்க வேகத்தில், நடுவுக்கும் மேற்பரப்புக்குமான வெப்பநிலை வித்தியாசம் காற்பங்காகும். கடைசியில் தராசில் வையுங்கள்: 100 கிராம் சிலிக்கன் முழுதும் மாறினால் 166 கிராம். எடை அதைவிடக் குறைந்தால் உள்ளே மாறாத சிலிக்கன் கிடக்கிறது என்று சந்தேகப்படலாம்.

கேள்வி: ஓடு சுட்டால் சுருங்குகிறது. நைதரசனில் சுடும் சிலிக்கன் கட்டி சுருங்காதாமே?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: களிமண் நீரை இழந்து இறுகுகிறது, இது நைதரசனை உள்வாங்குகிறது. திண்மப் பருமன் 22 வீதம் கூடினாலும் அந்த வளர்ச்சி துளைகளுக்குள்ளேயே போய்விடும். வெளி அளவு ஒரு வீதம்கூட மாறாது. அதற்காக மிக இறுக்கி அழுத்திவிடாதீர்கள், துளை அடைபட்டு நடு வேகாமல் நின்றுவிடும்.

கேள்வி: தாக்கப்பிணைப்புச் சிலிக்கன் காபைட்டுத் தட்டை (உருகிய சிலிக்கனைக் காபனோடு தாக்கமுறச் செய்து பிணைத்த சூளைத் தட்டை) 1450 பாகைக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: வேண்டாம். அதில் பத்து வீதமளவில் தனிச் சிலிக்கன் எஞ்சியிருக்கும். உருகி மணிமணியாக வியர்த்து, மேலே வைத்த பொருளில் ஒட்டிக்கொள்ளும். உறையும்போது சிலிக்கன் தண்ணீரைப் போல விரிவதால் தட்டு வெடிக்கவும் கூடும். 1350க்குள் வைத்திருங்கள். செங்கல், ஓட்டுச் சூளைச் சூட்டுக்கு இந்தக் கவலையே இல்லை.