அலமாரியின் முதுகைப் பார்த்தீர்களா? – பழைய மரச்சாமான் கேள்வி-பதில்

கேள்வி: 150 வருஷத்துப் பீரோ என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு வந்தபின் பார்த்தால் கீல்களில் ஸ்டார் ஸ்க்ரூ, முதுகில் பிளைவுட். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஸ்க்ரூவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் பழைய பீரோவுக்குப் பின்னாளில் கீல் மாற்றியிருந்தாலும் அது இருக்கும். ஒரு கீலைக் கழற்றுங்கள். அடியில் வேறு அளவுக் கீலின் தடமும் அடைத்த துளைகளும் தெரிந்தால் கீல்தான் புதுசு. எந்தத் தடமும் இல்லையென்றால் பீரோவே புதுசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்து டிராயரை முழுதாக வெளியே எடுத்து மூலை இணைப்பைப் பாருங்கள். டவ்டெயில் பற்கள் (புறாவால் போல விரிந்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பவை) எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் எந்திரம் வெட்டியது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன் அது அரிது. பற்கள் முன்பின்னாக இருந்து, பக்கவாட்டில் தச்சர் அளவுக்குப் போட்ட கீறலும் தெரிந்தால் கைவேலை. ஆனால் கைவேலை என்பதே பழமைக்குச் சான்றாகாது. இன்றும் கையால் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டிராயரின் அடிப்பலகையையும் திருப்பிப் பாருங்கள். பிறை வடிவில் வளைந்த கோடுகள் வட்ட ரம்பத்தின் தடம். நேராகவும் இடைவெளி சீரில்லாமலும் இருந்தால் கை ரம்பம்.

பிளைவுட் முதுகு, தடமில்லாத கீல், ஒரே அச்சில் வெட்டிய பற்கள் மூன்றும் சேர்ந்திருந்தால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சுவரோடு ஒட்டி நிறுத்திய பொருளின் முதுகை வாங்குபவர் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அப்படி நிறுத்துகிறவர்கள் உண்டு. படங்கள் எடுத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். முடிவு தெரியும்வரை பாலிஷ், ரிப்பேர் எதையும் தொடாதீர்கள். தொட்டால் ‘நீங்கள்தான் மாற்றினீர்கள்’ என்பார்கள்.

கேள்வி: முழுக்க இழைத்து, புதுசு போலப் பளபளவென்று பாலிஷ் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இழைத்தபின் உங்களிடம் மிஞ்சுவது பழைய மரத்தில் செய்த புது அலமாரி.

கேள்வி: பலகையில் சின்னச் சின்னத் துளைகள். ‘அதுதான் பழமைக்கு அடையாளம்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். வண்டு புது மரத்தையும் துளைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது, உள்ளே இப்போது உயிர் இருக்கிறதா என்பதை. மரவண்டு வெளியேறும் துளை 1 முதல் 2 மி.மீ. அகலத்தில் வட்டமாக இருக்கும். பழைய துளையின் விளிம்பு கறுத்து, உள்ளே தூசியோ பாலிஷோ படிந்திருக்கும். புதுத் துளையின் விளிம்பு வெளிர்நிறம். கீழே மாவு கொட்டியிருக்கும். சந்தேகமென்றால் துளைகளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புக் காகிதம் விரித்துச் சில வாரம் வையுங்கள். மாவுக்குப் பதிலாக ஆறு பட்டை கொண்ட பொடி மணிகள் விழுந்தால் அது உலர்மரக் கறையான்.

இன்னொன்று கவனியுங்கள். வண்டின் புழு உள்ளுக்குள் தின்றுகொண்டே போகும். வண்டாகி வெளியே வரும்போதுதான் மேற்பரப்பில் துளை விழும். எனவே வெளியிலிருந்து பார்த்தால் வட்டத் துளைகள் மட்டுமே தெரிய வேண்டும். நீளவாக்கில் திறந்த கால்வாய்கள் தெரிந்தால், உளுத்துப்போன பழைய பலகையை அறுத்தோ இழைத்தோ பின்னாளில் செய்த அலமாரி, அல்லது அந்தப் பலகை மட்டும் மாற்றியது. மெல்லிய கம்பியைத் துளையில் விட்டும் பார்க்கலாம். அது தடையில்லாமல் நேராக இறங்கினால், டிரில்லால் போட்ட போலித் துளையோ என்று சந்தேகப்படுங்கள். வண்டின் பாதை வளைந்து வளைந்து போகும்.

கால், அடிச்சட்டம் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்துங்கள். உள்ளே அமுங்கினால் விட்டுவிடுங்கள். பாரம் தாங்கும் மரம் மாவாகிப் போனபின் மருந்தடித்துப் பயனில்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மருந்தை முதுகு, அடிப்புறம், டிராயரின் உள்பக்கம் போன்ற பாலிஷ் இல்லாத இடங்களில் அடிக்கச் சொல்லுங்கள். இதற்கு அடிக்கும் போரேட் கரைசல் பாலிஷைத் தாண்டி மரத்துக்குள் இறங்காது.

கேள்வி: முன்பக்கப் படம் பார்த்து ஆன்லைனில் முழுப்பணமும் கட்டினேன். இப்போது படிக்கட்டு திரும்பும் இடத்தில் அலமாரி சிக்கி நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து அளந்திருக்கலாம். அலமாரியின் உயரம், அகலம், ஆழம். வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்ட். இவ்வளவுதான் வேலை. அறைக்குள் படுக்க வைத்து நிமிர்த்தவும் இடம் வேண்டும். 210 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரி நிமிரும்போது மூலைக்கு மூலை சுமார் 218 செ.மீ. தேவை. கூரை 215 என்றால் நிமிராது.

பெரிய பழைய அலமாரிகள் பலவும் பிரித்துச் சேர்க்கும்படி செய்தவை. மேல் கிரீடத்தை, அதாவது உச்சியில் உள்ள அலங்காரச் சட்டத்தை, தூக்கிப் பாருங்கள். உள்மூலைகளில் ஆப்போ போல்ட்டோ இருக்கும். பிரிக்கும்முன் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். பசை போட்ட இணைப்பை மட்டும் தட்டிப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: கடையில் ‘அசல் தேக்கு, நூறு வருஷம், எல்லாம் ஒரிஜினல்’ என்றார்கள். ரசீதில் ‘மர அலமாரி – 1’ என்றுதான் இருக்கிறது. இது போதுமா?

பதில்: போதவே போதாது. இந்தப் பத்தியில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். வாயால் சொன்ன வயதும் மரமும் கடை வாசலைத் தாண்டினால் நிற்காது. என்னிடமும் அப்படி ஒரு ரசீது இருக்கிறது. மேல்பாதி ஒரு அலமாரி, கீழ்பாதி வேறொன்று என்று காட்டியும் அந்த ஒரு வரியால் எதையும் கேட்க முடியவில்லை.

பணம் கொடுக்கும்முன் ரசீதில் இவற்றை எழுதி வாங்குங்கள்: எந்தக் காலத்தது (‘சுமார் 1900–1920’ போல), முகப்பில் என்ன மரம், உள்ளே என்ன மரம், திட மரமா வினீரா (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு), மாற்றிய பாகங்கள் எவை, பூச்சி மருந்து அடித்திருந்தால் எப்போது, சொன்னது பொய்யானால் எத்தனை நாளில் திருப்பி எடுப்பார்கள். ‘பழைய பாணி’ என்று எழுத வந்தால் தடுத்து நிறுத்துங்கள்; போன மாதம் செய்ததையும் பழைய பாணி என்று விற்கலாம். வயதை நம்புகிற வியாபாரி எழுதித் தரத் தயங்க மாட்டார். தயங்கினால் அந்த வயதுக்கான விலையைக் கொடுக்காதீர்கள், சாதாரண பழைய சாமான் விலையைக் கொடுங்கள்.

மேலும் கீழும் ஒரே ஜோடிதானா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டின் முதுகுப் பலகையும் ஒரே மரம், ஒரே தடிமன், ஒரே கறுப்பாக இருக்க வேண்டும். மேல்பெட்டி உட்காரும் இடத்தில் கீழ்ப்பெட்டியின் மேற்பரப்பு வரை நல்ல பாலிஷ் ஓடியிருந்தால் கேள்வி கேளுங்கள். மறைந்தே இருந்த பரப்புக்கு யாரும் அவ்வளவு பாலிஷ் போடுவதில்லை.

கேள்வி: அழகான பழைய அலமாரி, ஆனால் ஹேங்கர் மாட்டினால் கதவு மூடவில்லை.

பதில்: ஹேங்கருக்கு உள் ஆழம் 55 முதல் 60 செ.மீ. வேண்டும். மடித்து வைக்கவும் கொக்கியில் தொங்கவிடவும் செய்த அலமாரிகளில் அவ்வளவு இருக்காது. முதுகை உடைத்து ஆழப்படுத்தாதீர்கள். முன்னால் இழுக்கும்படியான குட்டைக் கம்பியை மேல்தட்டில் பொருத்தி, உடைகளை அலமாரிக் கதவைப் பார்த்தபடி மாட்டுங்கள்.

கேள்வி: டிராயர் இறுகிக்கொள்கிறது, உள்ளே பூஞ்சை வாடை. எண்ணெய் தடவலாமா?

பதில்: எண்ணெய் வேண்டாம், உள்ளே அது சிக்குப் பிடித்து வாடையைக் கூட்டும், துணியிலும் ஏறும். ஓடும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். அப்படியும் இறுகினால் மழைக்காலம் முடியும்வரை பொறுங்கள். ஈரத்தில் உப்பிய மரத்தை இப்போது இழைத்தால் வறண்ட காலத்தில் லொடலொடவென்று ஆடும். வாடைக்கு, டிராயர்களை வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைத்து, காய்ந்தபின் உள்பக்கம் மெல்லிய ஷெல்லாக் (அரக்குப் பாலிஷ்) ஒரு கோட் பூசுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிறுத்தி, மேல்பக்கத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணையுங்கள். கனமான டிராயர்கள் இரண்டை ஒன்றாக இழுத்தால் முழு அலமாரியும் முன்னால் சாயும்.

கேள்வி: கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பில் வெள்ளிபோல் சொட்டுகள். துடைத்துவிடலாமா?

பதில்: கை வைக்காதீர்கள். மிகப் பழைய கண்ணாடிகளின் ரசம் வெள்ளீயமும் பாதரசமும் கலந்தது. அந்தச் சொட்டு பாதரசமாக இருக்கலாம். வாக்யூம் கிளீனரும் கூடாது, ஆவியை அறை முழுக்கப் பரப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, அபாயக் கழிவைக் கையாளத் தெரிந்தவரை அழையுங்கள்.