சிறுநீர்க் குழாயில் படியும் கிருமிப் படலம்

கேள்வி: என் தந்தைக்கு நிரந்தரமாகச் சிறுநீர்க் குழாய் (கதீட்டர்) பொருத்தியிருக்கிறார்கள். குழாயினுள் கிருமிகள் படலமாகப் படிவதால்தான் அடிக்கடி தொற்று வருகிறது என்கிறார் மருத்துவர். பாக்டீரியாவே சுரக்கும் சோப்புப் போன்ற பொருளைப் பூசி இதைத் தடுக்கலாம் என்று படித்தேன். உண்மையா? கடையில் கிடைக்குமா?

பதில்: உண்மைதான், ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி மருந்துக்கடைக்கு வரவில்லை.

பாக்டீரியாக்கள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டதும் சர்க்கரையும் புரதமும் கலந்த பிசினைச் சுரந்து அதற்குள் புதைந்துகொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமிகளிடம் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் எளிதில் பலிப்பதில்லை என்பதால், படிந்தபின் அழிக்க முயல்வதைவிட முதலிலேயே ஒட்டவிடாமல் செய்வது மேல். நீங்கள் குறிப்பிட்ட சோப்புப் போன்ற பொருள்கள், அதாவது பயோசர்ஃபாக்டன்ட்கள், பயன்படுவது இந்த இடத்தில்தான். இவற்றின் மூலக்கூறில் ஒரு பகுதி நீரையும் மற்றொரு பகுதி கொழுப்பையும் நாடுவதால், இவை பரப்பின்மீது படிந்து அதன் ஒட்டும் தன்மையை மாற்றிவிடுகின்றன. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா (ஜப்பானியரின் நாட்டோ என்ற உணவுக்காகச் சோயாவைப் புளிக்கவைப்பதும் இதே இனம்தான்) சுரக்கும் சர்ஃபாக்டின் அப்படியொரு பொருள். அது நீரின் பரப்பு இழுவிசையை (நீர்ப்பரப்பைத் தோல்போல் இறுக்கிவைக்கும் விசையை) மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து சுமார் 27 வரை குறைக்கவல்லது.

2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வினைல் சிறுநீர்க் குழாய்களுக்குள் சர்ஃபாக்டின் கரைசலை முன்கூட்டியே ஓடவிட்டு, அதன்பின் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவை வளர்த்தபோது படலம் உருவாவது தடைபட்டது. வளர்ப்பு ஊடகத்திலேயே சர்ஃபாக்டினைக் கலந்தால் கிடைக்கும் அதே பலன், வெறும் முன்பூச்சிலேயே கிடைத்தது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்னும் பாக்டீரியாவும் அதில் கட்டுப்பட்டது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனெனில், அது யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்கிவிடும். அதனால் உப்புகள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடக்கூடும்.

பிறகு ஏன் தாமதம்? சர்ஃபாக்டின் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். மேலும், சிறுநீர் இடைவிடாது ஓடும் குழாயில் பூச்சு வாரக்கணக்கில் நிலைக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு: சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா சுரக்கும் ரம்னோலிப்பிட் என்ற பயோசர்ஃபாக்டன்ட் பிற கிருமிகளின் படலத்தைக் கலைக்கக்கூடியது என்றாலும், தன் சொந்தப் படலத்தினுள் நீர்வழிகள் தூர்ந்துவிடாமல் காக்கவும் அந்தக் கிருமி அதையே பயன்படுத்துகிறது. நுண்ணுயிர் சுரப்பது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

ஆகவே, எந்தக் கரைசலையும் நீங்களாகக் குழாய்க்குள் செலுத்த வேண்டாம். சிறுநீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும். இணைப்பைத் தேவையின்றிக் கழற்றாதீர்கள். குழாய் உடலில் இருக்கும் நாள்கள் கூடக்கூடத் தொற்றின் வாய்ப்பும் கூடுவதால், அது இன்னும் தேவைதானா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள்.