வாள்வீச்சு பழக வருபவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பயிற்றுநரின் பதில்களும்

கேள்வி: வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியின் ஆட்டங்களைக் காணொளியில் பார்த்ததிலிருந்து என் பத்து வயது மகள் வாள்வீச்சு கற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். எங்கள் வீட்டருகே ஒரு சிறிய கிளப் இருக்கிறது. வாள் குத்திவிடுமோ என்ற பயத்தால்தான் தயங்குகிறேன். – வாசகி ஒருவர், தாம்பரம்

பதில்: பெயரிலேயே வாள் இருக்கும் விளையாட்டைக் கண்டு ஒரு தாய் தயங்குவது இயல்பு. ஆனால் இந்த வாளுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது. வளையக்கூடிய எஃகுத் தகட்டால் ஆன இதன் நுனி மழுங்கியது. ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வகை வாள்களில் முதல் இரண்டின் நுனியில் ஒரு பொத்தான் இருக்கும். புள்ளியைக் காட்டும் மின்கருவியை இணைத்து ஆடும்போது அது அழுந்தினால்தான் விளக்கு எரியும். வளையும் வாளைவிட முறிந்த வாள்தான் ஆபத்தானது. 1982இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், எதிராளியின் வாள் முறிந்து முகக்கவசத்தைத் துளைத்ததால், ஒலிம்பிக் சாம்பியனான விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன் பிறகு வாளின் எஃகு, கவசத்தின் வலை, மேலாடையின் துணி ஆகிய மூன்றுக்கும் கடுமையான தர விதிகள் வந்தன. இன்று பயிற்சிக்கூடங்களில் நாங்கள் அதிகம் பார்ப்பது கணுக்கால் சுளுக்கும், மேற்கையிலும் தொடையிலும் கன்றிப்போன தடங்களும்தான்.

நீங்கள் ஒரு மாலை நேரம் அந்த கிளப்பில் அமர்ந்து கவனியுங்கள். முகக்கவசத்தின் வலை துருப்பிடிக்காமலும் நசுங்காமலும் இருக்கிறதா, மேலாடைக்குள் வாளேந்தும் கையின் அக்குளையும் விலாவையும் மூடும் உள்கவசம் அணிகிறார்களா, பெண்பிள்ளைகள் மார்புக்கவசம் அணிகிறார்களா என்று பாருங்கள். கவசம் அணியாத ஒருவரை நோக்கி விளையாட்டுக்காகக்கூட ஒரு சிறுவன் வாளை உயர்த்தினால், பயிற்றுநர் அந்த நொடியே ஆட்டத்தை நிறுத்திக் கண்டிக்க வேண்டும். அப்படிக் கண்டிக்கும் இடமென்றால் தயங்காமல் மகளைச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 43 வயது. வங்கியில் பணி. இந்த வயதில் சிறுவர்களுக்கு நடுவே போய் நின்றால் என்ன நினைப்பார்கள் என்று கூச்சமாக இருக்கிறது. கற்க முடியுமா? – வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: கட்டாயம் முடியும். மூத்தோருக்கான உலகப் போட்டியில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. உங்கள் கூச்சத்துக்கான பதில், நீங்கள் சேரப்போகும் இடத்தைப் பொறுத்தது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான் முதன்முதலில் போன கூடத்தில் இரண்டு வாரம் யாரும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பதக்கம் வெல்லக்கூடியவர்களை மட்டுமே அங்கே கவனித்தார்கள். அந்த அனுபவத்தால்தான், புதியவரை எப்படி வரவேற்கிறார்கள் என்பதை வைத்தே ஒரு கிளப்பை எடைபோடக் கற்றுக்கொண்டேன். நல்ல இடத்தில், முதல் நாளே உங்கள் அளவுக்கு ஒரு கவசத்தைத் தேடி எடுத்து, அதை எப்படி மாட்டுவது என்று யாராவது ஒருவர் அருகில் நின்று காட்டித் தருவார். அனுபவம் மிக்கவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிராமல், மாலைக்கு ஓர் ஆட்டமாவது புதியவரோடு ஆடுவார்கள். மின்கருவி இணைக்காத பயிற்சி ஆட்டத்தில், வாள் பட்டவரே கையை உயர்த்தி “பட்டது” என்று ஒப்புக்கொள்வது இந்த விளையாட்டின் பழைய மரபு. எட்டு வயதுப் பிள்ளை தொட்டதை நாற்பது வயதுக்காரர் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளும் கூடத்தில் உங்கள் வயதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள்.

முதல் மூன்று மாதம் பெரும்பாலும் கால்களுக்கான பயிற்சிதான் என்பதையும் அறிந்துகொண்டு போங்கள். முழங்காலை மடக்கி நிற்கும் நிலை, முன்னடி, பின்னடி, பிறகு முன்காலை வீசி உடலை நீட்டிப் பாயும் லஞ்ச். இந்தப் பாய்ச்சலில் முன்காலின் குதிகால் முதலில் தரையில் பதிய வேண்டும். முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் இதில் அவசரப்பட்டால் முழங்கால் வலியோடு விலகிப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, பாய்ச்சலின் நீளத்தை மெதுவாகவே கூட்டுங்கள்.

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகச் சிலம்பம் ஆடுகிறேன். வாள்வீச்சுக்கு அது உதவுமா? மூன்று வாள்களில் எதை எடுப்பது? – கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தூரத்தைக் கணிக்கும் கண்ணும், எதிராளியின் தோளைப் பார்த்தே அடியை முன்கூட்டி உணரும் பழக்கமும் உங்களுக்கு ஏற்கனவே வந்திருக்கும், அவை பெரும் செல்வம். ஆனால் சிலம்பத்தில் நீங்கள் சுற்றிச் சுழன்று ஆடுகிறீர்கள். வாள்வீச்சுக் களமோ 14 மீட்டர் நீளமும் இரண்டு மீட்டருக்கு மிகாத அகலமும் கொண்ட ஒரு நீண்ட பட்டை. பக்கவாட்டில் விலகினால் ஆட்டம் நிறுத்தப்படும். பின்வாங்கி இரு கால்களும் கடைசிக் கோட்டைத் தாண்டினால் எதிராளிக்கு ஒரு புள்ளி.

எப்பேயில் உடல் முழுவதும் இலக்கு, ஃபாயிலில் நடுவுடல் மட்டும், சேபரில் இடுப்புக்கு மேலே தலையும் கைகளும் சேர்ந்து இலக்கு. முதல் இரண்டிலும் நுனியால் தொட்டால்தான் புள்ளி. சேபரில் மட்டும் வெட்டும் செல்லும். ஃபாயிலிலும் சேபரிலும் இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால், தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே உரிமை. அந்த உரிமையைப் பெற எதிராளி முதலில் வாளைத் தடுத்துவிட்டுத் திருப்பித் தாக்க வேண்டும். எப்பேயில் இந்தக் கணக்கு இல்லை, இருவருக்குமே புள்ளி உண்டு. சிலம்பக் கைகள் சேபரை நாடும் என்றாலும், சேபரில் முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டக் கூடாது என்பது விதி. உங்கள் கால்கள் பல ஆண்டுகளாகப் பழகிய மாற்றுக்காலடியை அங்கே மறந்தாக வேண்டும். மூன்றையும் ஒரு மாதம் ஆடிப் பார்த்த பின்பே முடிவெடுங்கள்.

கேள்வி: கருவிகள் எல்லாவற்றையும் உடனே வாங்க வேண்டுமா? – வாசகி ஒருவர், திருச்சி

பதில்: வேண்டாம். முதல் சில மாதங்களுக்கு கிளப்பின் கவசமும் வாளும் போதும். கையுறையை மட்டும் வியர்வை காரணமாகச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்; பேட்மின்டன் காலணியே காலுக்குப் போதுமானது. சென்னைப் பள்ளியொன்றில் 2004இல் இந்த விளையாட்டைத் தொடங்கிய பவானி தேவி, வாள்கள் விலை உயர்ந்தவை என்பதால் தொடக்கத்தில் மூங்கில் குச்சிகளைக் கொண்டே பழகினார்.

கேள்வி: என் மகன் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கிளப் ஆட்டங்களில் பெரும்பாலும் ஐந்துக்குப் பூஜ்யம் என்றே தோற்கிறான். நிறுத்திவிடலாமா? – தந்தை ஒருவர், சேலம்

பதில்: அவன் போக மறுக்கிறானா என்பதை முதலில் பாருங்கள். தோற்றும் ஆர்வமாகப் போகிறான் என்றால் நிறுத்தாதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பவானி தேவி முதல் ஆட்டத்தை 15–3 என வென்று, அதே நாளில் அடுத்த ஆட்டத்தை 7–15 எனத் தோற்றார். இரண்டே ஆண்டுகளில் ஆசிய வாள்வீச்சுச் சாம்பியன்ஷிப்பில் அப்போதைய உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை வீழ்த்தி வெண்கலம் பெற்றார். உங்கள் மகனின் பயிற்றுநரிடம் பேசி, ஆட்டத்துக்கு ஒரே ஒரு பணியை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: இந்த வாரம் தடுத்துத் திருப்பித் தாக்குவது மட்டும், அடுத்த வாரம் தூரம் விடாமல் பின்வாங்குவது மட்டும் என்று. ஆட்டம் முடிந்ததும் கவசத்தைக் கழற்றி, வாளை உயர்த்தி வணங்கி, வாளேந்தாத கையால் எதிராளியின் கையைக் குலுக்குவார்கள். அந்த நேரத்தில் “எப்படி என்னைத் தொட்டாய்?” என்று எதிராளியிடமே கேட்க அவனைப் பழக்குங்கள், நல்ல கிளப் என்றால் பெரிய பிள்ளைகள் அங்கேயே நின்று, அந்த அடியை மெதுவாக மறுபடி ஆடிக் காட்டுவார்கள்.