சளிப்பூஞ்சைக்கும் வௌவாலுக்கும் வழி எப்படித் தெரிகிறது?

சளிப்பூஞ்சை என்பது மட்கிய மரத்தில் மஞ்சள் கூழாகப் படரும் உயிர். உள்ளங்கை அளவு வளர்ந்தாலும் ஒரே செல்தான். மூளை, நரம்பு எதுவும் கிடையாது. ஆனாலும் 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர் நககாகியின் குழு அதைப் புதிர்ப்பாதையில் விட்டு, இரு முனையிலும் ஓட்ஸ் வைத்தபோது, சளிப்பூஞ்சை குறுக்குவழியில் மட்டும் தன் தடித்த குழாயை மிச்சம் வைத்தது. ஓட்டம் மிகுந்த குழாய் பருக்கும், மற்றவை சுருங்கும். ஆள் நடமாட்டம் உள்ள ஒற்றையடிப் பாதை தெளிவாகி, மற்ற இடத்தைப் புல் மூடுவதுபோல. போன இடத்தில் சளித்தடமும் விடும். அதில் மறுபடி பட்டால் பெரும்பாலும் விலகிவிடும். ஞாபகத்தை உடம்புக்கு வெளியே வைத்திருக்கிறது என்றே சொல்வேன்.

எகிப்தியப் பழந்தின்னி வௌவாலுக்கோ வரைபடம் மூளைக்குள். தெரிந்த பழமரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் நேராகப் பறக்கும். இருட்டில் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும்.

சளிப்பூஞ்சை காளான் இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது அமீபாவுக்குத்தான் சொந்தம். வௌவாலும் குருடு அல்ல, இந்த இனத்துக்குக் கண் நன்றாகவே தெரியும்.